கிரில், தந்தூரி, அல்ஃபாம், ஷவர்மா: எதை வாங்கலாம்?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். டியூஷன் முடிந்து வரும் வழியில் வாரத்துக்கு மூன்று நாளாவது ஷவர்மாவோ கிரில் சிக்கனோ சாப்பிட்டுவிட்டு வருகிறான். கேட்டால், "எண்ணெயில் பொரித்தது இல்லையேம்மா, நெருப்பில் சுட்டதுதானே, அவ்வளவும் புரோட்டீன்" என்கிறான். இப்போது ஜிம்முக்கும் போக ஆரம்பித்திருக்கிறான். என் கணவருக்கு 48 வயது, சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரும் தந்தூரி, அல்ஃபாம் என்று பார்சல் வாங்கி வந்துவிடுகிறார். இவற்றில் எது பரவாயில்லை, எது கெடுதல்? எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் இரண்டு பேருமே கேட்க மாட்டார்கள். அடுத்த மாதம் மகனுக்குப் பிறந்தநாள் வருகிறது. நண்பர்களுக்கு கிரில் வாங்கித் தர வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. முதலில் உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டால், கருகாமல் வெந்த தந்தூரிக்கு முதல் இடம் தருவேன். அடுத்தது தோலை உரித்துவிட்டுச் சாப்பிடும் கிரில் சிக்கன். அதற்கும் அடுத்துதான் அல்ஃபாம். ஷவர்மா கடைசியில். ஷவர்மாவில் கொழுப்பு அதிகம் என்பதால் அதைக் கடைசியில் வைக்கவில்லை. அந்தக் கறி நெருப்பைப் பார்க்கும் விதம்தான் காரணம்.

இந்த உணவுகளில் இரண்டு விதமான கெடுதல்கள் இருக்கின்றன. ஒன்று, சாப்பிட்ட அன்றோ மறுநாளோ ஆளைப் படுக்கவைப்பது. இன்னொன்று, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. உங்கள் மகன் விஷயத்தில் எனக்கு முதலாவதைப் பற்றித்தான் கவலை. உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் இரண்டாவது. "சுட்டதுதானே" என்று உங்கள் மகன் சொல்வது இரண்டுக்குமே பதில் ஆகாது.

அடுத்த முறை அவனோடு நீங்களும் ஷவர்மா கடைக்குப் போய், கறி சுற்றும் அந்தக் கம்பியைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எலும்பில்லாத கறித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி, பெரிய கூம்பு மாதிரி அடுக்கியிருப்பார்கள். நெருப்பு ஒரு பக்கம்தான் இருக்கிறது. கூம்பு சுற்றச் சுற்ற வெளிப்பக்கம் மட்டும் வேகிறது. உள்ளே இருப்பது பச்சைக் கறி. முறைப்படி செய்தால் இதில் தவறு ஒன்றுமில்லை: நன்றாகச் சிவந்து முறுகிய மேற்பரப்பை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுக்க வேண்டும், பிறகு அடுத்த அடுக்கு வேகும்வரை காத்திருக்க வேண்டும். 'சுற்றுவது, திருப்புவது' என்ற பொருள்படும் துருக்கிச் சொல்லிலிருந்துதான் ஷவர்மா என்ற பெயரே வந்தது.

ஆனால் மாலை ஏழரை மணிக்குக் கடை முன்னால் இருபது பேர் நிற்கும்போது யார் காத்திருப்பார்கள்? கத்தி ஆழமாக இறங்கும். வெளியே முறுகலாகவும் உள்ளே இளஞ்சிவப்பாகவும் துண்டுகள் விழும். கூட்டம் இல்லாத நேரத்தில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. கறி காய்ந்துவிடக் கூடாது என்று அடுப்பைக் குறைத்துவிடுவார்கள், சிலர் அணைத்தே வைத்திருப்பார்கள். வேகவும் வேகாமல் குளிரவும் குளிராமல் கறி வெதுவெதுப்பாக நின்றுகொண்டிருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் செழித்து வளரும். அதிலும் நம் ஊர் வெயிலுக்குத் தோதான வெதுவெதுப்பு கிடைத்தால் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிவிடும். இரவு மிஞ்சிய கறியை எடுத்துவைத்து மறுநாள் புதுக் கறியோடு சேர்த்துக் குத்தும் கடைகளும் உண்டு.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு பள்ளி மாணவி இறந்துபோனாள். பரிசோதனையில் ஷிகெல்லா கிருமி தெரிந்தது. 2023 செப்டம்பரில் உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான நாமக்கல்லில் 14 வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி இறந்தாள், அதே கடையில் சாப்பிட்ட பல பேர் மருத்துவமனையில் கிடந்தார்கள். என் அண்ணன் மகனும் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு ஷவர்மாவால் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்தபின் இந்தப் பேச்சை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.

கடைக்காரர் கறியைச் சீவிய பிறகு என்ன செய்கிறார் என்று பாருங்கள். சூடான தவாவில் போட்டுக் கொத்தி, ஆவி பறக்க ஐந்து நிமிடம் புரட்டுகிறாரா? அப்படியானால் அது நல்ல கடை. கம்பியில் விட்ட குறை தவாவில் தீர்ந்துவிடும். சீவியதை அப்படியே குபூஸ் ரொட்டியில் வைத்துச் சுருட்டித் தருகிறார் என்றால் உங்கள் மகன் அங்கே வாங்க வேண்டாம். கம்பியின் அளவையும் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற சின்னக் கம்பி இருந்தால் நம்பலாம். ஆள் உயரக் கம்பி பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் சின்ன ஊரில் அவ்வளவு கறி தீர நள்ளிரவு ஆகிவிடும்.

அப்புறம் ஷவர்மாவுக்குள் தடவும் மயோனைஸ். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே தடை போட்டிருந்தன. காரணம் எளிது. மயோனைஸில் முட்டை எந்தக் கட்டத்திலும் நெருப்பைப் பார்ப்பதில்லை. முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் அது அப்படியே வாளிக்குள் வந்துவிடும், மாலை முழுக்க வாளி வெளியிலேயே இருக்கும். "நாங்கள் எக்லெஸ்தான் வைக்கிறோம்" என்று கடையில் சொன்னால் கிருமி பயம் குறைகிறது, நல்லதுதான். ஆனால் முட்டை போட்டதோ போடாததோ, வழக்கமான மயோனைஸில் பெரும் பங்கு எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 10 கிராம் கொழுப்பு, 90 முதல் 100 கலோரி. ஒரு ஷவர்மாவுக்குள் மூன்று கரண்டியாவது போகும். "எண்ணெயில் பொரித்தது இல்லையே" என்கிற பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்: பொரிக்கவில்லை, எண்ணெயைத் தனியாகத் தொட்டுக்கொள்கிறான். லெபனான் பக்கம் கோழி ஷவர்மாவுக்கு மரபாகச் சேர்ப்பது 'தூம்' என்கிற பூண்டு விழுது. பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு, அவ்வளவுதான், முட்டை கிடையாது. அதிலும் எண்ணெய் உண்டு, ஆனால் காரம் தூக்கலாக இருப்பதால் யாரும் கரண்டி கரண்டியாக அள்ளிப் போடுவதில்லை.

எல்லாரும் கறியையும் முட்டையையும் சந்தேகப்படும்போது கண்ணில் படாமல் போவது ஷவர்மாவுக்குள் தூவும் அந்தப் பச்சை முட்டைக்கோஸ். மத்தியானமே துருவி, டப்பாவில் வைத்து, கறியைத் தொட்ட கையாலேயே எடுத்துத் தூவுகிறார்கள். காசர்கோட்டில் தெரிந்த ஷிகெல்லா முக்கியமாகக் கையாலும் தண்ணீராலும் பரவுகிற கிருமி. பச்சையாகத் தின்னும் காய் அதற்கு நல்ல வாகனம். தந்தூரியோடு வரும் வெங்காயத்துக்கும் இதே கதைதான். மேலே எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

இப்போது கிரில் சிக்கனுக்கு வருவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் முழுக் கோழிகள் வரிசையாகச் சுற்றுகின்றன அல்லவா, அந்த அடுப்பில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் நெருப்பு பின்பக்கத்தில் இருக்கும், கோழியிலிருந்து உருகும் கொழுப்பு நெருப்பின்மேல் விழாமல் கீழே தட்டில் சொட்டும். அதனால் புகை குறைவு, கருகலும் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிதானமாகச் சுற்றுவதால் எலும்புவரை வேகும். குறை தோலில் இருக்கிறது. தோலோடு வெந்த கோழியில் 100 கிராமுக்குக் கொழுப்பு ஏறத்தாழ 13, 14 கிராம். தோலை உரித்துவிட்டால் 7 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். பாதிக்குப் பாதி. மசாலாவும் உப்பும் முக்கால்வாசி அந்தத் தோலில்தான் ஒட்டியிருக்கும், அதனால் உரிக்க யாருக்கும் மனசு வராது. உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் நீங்களே உரித்துத் தட்டில் வைத்துவிடுங்கள். கூடவே வரும் கிரேவியைத் தொடவே வேண்டாம், அது உப்பும் எண்ணெயும்.

கிரில்லில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாலையில் வெந்த கோழியை அடுப்பை அணைத்துவிட்டு ராத்திரி பத்துவரை அதே பெட்டியில் தொங்கவிட்டிருந்தால், ஷவர்மாவுக்குச் சொன்ன வெதுவெதுப்புச் சிக்கல் இதற்கும் உண்டு. அதை மறுபடி சூடாக்கித் தந்தாலும் முழுப் பயன் இல்லை. சில கிருமிகள் கக்கிய நஞ்சு, கிருமி செத்த பிறகும் சூட்டுக்கு அசையாமல் அப்படியே இருக்கும்.

தந்தூரிக்கு ஏன் முதல் இடம்? மூன்று விஷயங்கள் அதற்குச் சாதகமாக இருக்கின்றன. தோலை உரித்துவிட்டுத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். தயிரில் ஊறுகிறது. கேட்ட பிறகு அடுப்பில் இறக்கினால் நம் கண் முன்னாலேயே வெந்து வருகிறது. தயிர், எலுமிச்சை, இஞ்சி பூண்டு, மஞ்சள் என்று நாம் ஊறவைப்பது ருசிக்கு மட்டும் இல்லை. கறியை மிக அதிகச் சூட்டில் வாட்டும்போது அதிலுள்ள புரதப் பொருட்களிலிருந்து புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடிய சில வேதிப்பொருட்கள் உருவாகின்றன. புளிப்பும் மசாலாவும் சேர்த்து ஊறவைத்த கறியில் இவை குறைவாக உருவாவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இந்த வேதிப்பொருட்களின் பெயரே தெரியாத காலத்திலேயே நம் பாட்டிமார் செய்த வேலை இது. இனிப்பு சாஸ் தடவிச் சுடும் பார்பெக்யூவில் நேர் எதிராக நடக்கும், சர்க்கரை சீக்கிரம் கருகிவிடும்.

தந்தூரியில் எனக்குப் பிடிக்காதது அந்த நிறம். காஷ்மீரி மிளகாய் போட்டால் மங்கலான சிவப்புதான் வரும். விரலில் ஒட்டிய சிவப்பு சோப்பு போட்டும் போகவில்லை, பக்கத்தில் இருந்த வெங்காயமும் சிவந்துவிட்டது என்றால் அது நிறமி. கர்நாடக அரசு 2024 ஜூன் மாதம் கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. "கலர் போடாமல் கொடுங்கள்" என்று நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மாற்றிக்கொள்வார். மேலே வெண்ணெய் பூசுவதையும் அப்படியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அல்ஃபாம் என்றால் கரியின்மேல் சுடுவது. அரபு நாட்டுக் கடைகளிலிருந்து கேரளம் வழியாக நமக்கு வந்தது. கோழியைப் பிளந்து விரித்துக் கம்பி வலைக்குள் வைத்து, கனலுக்கு மேலேயே வாட்டுகிறார்கள். கொழுப்பு சொட்டு சொட்டாகக் கனலில் விழும், குப்பென்று புகை எழும், அந்தப் புகை திரும்ப வந்து கறியில் படியும். நமக்கு அத்தனை பிடித்த அந்த வாசனையோடு சேர்ந்தேதான் பென்சோபைரீன் போன்ற பொருட்களும் படிகின்றன. பென்சோபைரீன் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பொருள். மாதத்தில் ஒரு நாள் சாப்பிடுகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. வாரம் தவறாமல், அதுவும் கருகின ஓரத்தைத் தேடித் தேடிச் சாப்பிடுகிறவர் யோசிக்க வேண்டும். கருகலைக் கத்தியால் சுரண்டாமல் அந்தப் பகுதியை வெட்டியே எடுத்துவிடுங்கள். எரியும் தழலில் வாட்டாமல், தழல் அடங்கிச் சாம்பல் பூத்த கனலில், கொஞ்சம் உயரத்தில் வைத்துச் சுடுகிற கடை கிடைத்தால் அல்ஃபாமை நான் கிரில்லுக்குச் சமமாகவே வைப்பேன்.

ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சீக் கபாப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015ல் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவிலும், ஆடு மாடு போன்ற சிவப்பு இறைச்சியை அதற்கு வாய்ப்புள்ளவை என்ற அடுத்த பிரிவிலும் சேர்த்தது. புதுக் கோழிக்கறி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கோழியில் செய்த சாசேஜும் பதப்படுத்திய இறைச்சிதான். மகன் "சிக்கன் சாசேஜ் கிரில்" என்று ஆரம்பித்தால் அதை மட்டும் பிடிவாதமாக நிறுத்திவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையை ஏற்றுவது கறி இல்லை, கூட வரும் குபூஸும் நாணும் ரூமாலி ரொட்டியும். எல்லாம் மைதா. இரண்டு துண்டு தந்தூரிக்கு மூன்று நாண் என்று போகும்போதுதான் திங்கட்கிழமை காலை அளவு எகிறுகிறது. கறியை மட்டும் பார்சல் வாங்கி வரச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு கோதுமைச் சப்பாத்தி, நீங்களே நறுக்கிய வெள்ளரி வெங்காயம், கெட்டித் தயிரில் பூண்டும் புதினாவும் அரைத்துப் போட்ட பச்சடி, இது போதும். மயோனைஸ் இருக்கும் இடத்தில் அந்தப் பச்சடியை வைத்தால் மகனும் தொட்டுக்கொள்வான். பிரஷருக்கு எதிரி உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான் அளவு. ஊறவைத்த மசாலா, மேலே தூவும் சாட் மசாலா, கிரேவி என்று ஒரே வேளையில் அதில் பெரும் பங்கு போய்விடும். ஞாயிறு இரவு தந்தூரி என்றால் அன்று காலையிலும் மதியமும் ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் வேண்டாம்.

மகனின் புரோட்டீன் கணக்கையும் பார்த்துவிடலாம். அவன் வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 55 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஜிம்முக்குப் போவதால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். 100 கிராம் வெந்த கோழியில் 25 கிராமுக்கு மேல் கிடைக்கிறது, அந்த வகையில் அவன் சொல்வது சரிதான். ஆனால் ஷவர்மாவில் கறி எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாள் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடிக்குள் அடங்கும். மீதி மைதாவும் மயோனைஸும் கோஸும்தான். டியூஷனுக்குப் போகும்முன் இரண்டு அவித்த முட்டை கொடுத்து அனுப்பினால் 12 கிராம் அங்கேயே ஆயிற்று. பசியோடு கடையைக் கடப்பதற்கும் வயிறு நிறைந்து கடப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. வாரம் மூன்று என்பதை ஒன்றாக்க இதுதான் நான் கண்ட வழி. திட்டிக் குறைத்த பிள்ளை யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வெளியில் சாப்பிட்ட பிறகு வாந்தி பேதி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள். காய்ச்சல், மலத்தில் ரத்தம், குடித்த தண்ணீர் தங்காமல் போவது, சிறுநீர் குறைவது, பிள்ளை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். "முந்தாநாள் சாப்பிட்டதுக்கு இப்போதா வரும்?" என்று பலர் கேட்பார்கள். சில கிருமிகள் சில மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும், ஷிகெல்லாவும் சால்மோனெல்லாவும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் காட்டும். அதனால் என்றைக்கு எங்கே சாப்பிட்டான் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிறந்தநாளுக்கு கிரில் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். எத்தனை கோழி வேண்டும் என்று கடையில் முந்தின நாளே சொல்லி, ஆறரை ஏழு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கித் தரும்படி கேளுங்கள். பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு யாரையாவது அனுப்பி வாங்கி வரலாம், வாங்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கேரளத்தில் ஷவர்மா பார்சலின்மேல் செய்த தேதியும் நேரமும் ஒட்ட வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள், நாமும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். வந்ததும் தொடைச் சதையின் தடித்த இடத்தில் எலும்பை ஒட்டிக் கத்தியால் கீறிப் பாருங்கள். சாறு தெளிவாக வழிய வேண்டும், சதை ரோஸ் நிறத்தில் இருக்கக் கூடாது. சமையலறைக்கு ஒரு உணவு வெப்பமானி வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது, அந்த இடத்தில் 74 டிகிரி காட்டினால் போதும். வேகாத துண்டு இருந்தால் தோசைக்கல்லில் மூடி போட்டுச் சிறு தீயில் வைத்து எடுத்துவிடுங்கள். பூண்டுத் தயிரை மட்டும் அன்று இரண்டு கிண்ணம் அதிகமாகவே அரைத்து வையுங்கள், அந்த வயதுப் பிள்ளைகள் அதை வழித்து நக்கிவிடுவார்கள்.